சிவப்புச் சீட்டும் நைலக்ஸ் துணியும்

கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி கம்பெனி வாட்ஸ்ஆப் குழுவில் எழுதியிருந்தாள்: "ரோசலின் மேடம், நீங்க நிறைய மேனேஜ்மென்ட் புக் படிப்பீங்களாமே. வேலைல சேர்ந்த புதுசுல எதைப் படிக்கலாம்?" நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, "மாவு இருக்கா" என்று கேட்கும் என் வீட்டுக்காரரைத் தவிர. அதனால் ஒரு வரியில் பதில் போட்டு முடிக்க மனம் வரவில்லை. புத்தகத்தின் பெயரைச் சொல்வதைவிட, படித்துவிட்டு நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு படிப்பதும் படிக்காததும் உங்கள் பாடு.

என் ஆரம்ப காலத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேனாம்பேட்டில் வீடு. பிளஸ் டூ முடித்து, டைப்பிங் லோயர் பாஸ் செய்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்ட் வேலை கேட்டுப் போனேன். அந்த வேலையை அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். "பேக்கிங்ல ஆள் வேணும், இருக்கியாம்மா?" என்றார்கள். இருந்தேன். பேக்கிங்கிலிருந்து பரிசோதனைக்கும், பரிசோதனையிலிருந்து சூப்பர்வைசர் நாற்காலிக்கும் வருவதற்குள் எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அவர்கள் காலேஜ் போய், எனக்குக் கண்ணாடியும் வந்துவிட்டது.

எங்களுடையது தகட்டை 'டை' என்கிற அச்சில் வைத்து வெட்டி, வண்டிகளுக்கு வாஷர், கிளிப் மாதிரி சின்னச் சின்ன சாமான் செய்யும் கம்பெனி. பிரஸ் ஷாப்பில் வெட்டுவார்கள். அது கூடைகூடையாக எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதைப் பெட்டியிலும் கெட்டதைச் சிவப்புத் தொட்டியிலும் போடுவோம். ஆறு மேசை, ஆறு பெண்கள், மேற்பார்வைக்கு நான்.

புத்தகப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஒரு டிபன் பாக்ஸால். பாதுகாப்பு வாரப் போட்டியில் வருஷாவருஷம் முதல் பரிசு நான்கடுக்கு எவர்சில்வர் கேரியர். அந்த வருஷம் விழுந்து விழுந்து படித்து முதல் பரிசு வாங்கினேன். மேடையில் கொடுத்த பொட்டலம் தட்டையாக இருந்தது. பிரித்தால் புத்தகம்! யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதி, தமிழில் பெயர்த்தது. "நிர்வாகத்தில் புதிய சிந்தனை" என்று எம்.டி. மைக்கில் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மாலையே அதை விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். விற்பதற்கு முன்னால் அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று பார்க்கப் புரட்டினேன். அவ்வளவுதான், நான் தொலைந்தேன்.

முதல் பாடம்: கீழே வேலை செய்பவர் நல்லது செய்தால் அந்த நிமிஷமே, எதற்கு என்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். மறுநாள் காலையிலேயே பிரஸ் ஷாப் ஃபோர்மேன் முனிரத்தினம் அண்ணன் என் கையில் அகப்பட்டார். நேராகப் போய், "அண்ணே, இன்னைக்கு உங்க டை செட்டிங் ரொம்ப அருமை. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகல" என்றேன். இருபது வருஷமாக அவரைத் திட்டுவதற்கு மட்டுமே அந்தப் பக்கம் போனவள் நான்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டார். "இன்னா மேடம், கஸ்டமர்கிட்டேந்து எதுனா வந்துகீதா?"

"ஒன்னும் வரலண்ணே. நல்லா இருந்துச்சு, சொன்னேன்."

"த பாரு, இத்தினி வருசமா இல்லாம இன்னிக்கி இன்னாத்துக்கு நல்லா கீதுன்னு சொல்ற? என்னை எங்கியோ மாத்தப் போறாங்க, அதானே?"

மத்தியானத்துக்குள் முனிரத்தினத்தை வேறு யூனிட்டுக்கு மாற்றுகிறார்கள் என்று கம்பெனி முழுக்கச் செய்தி. மூன்று மணிக்கு யூனியன்காரர்கள் மேனேஜர் அறைக்கு வெளியே நின்றார்கள். நான் மறுபடி போய், "அண்ணே, நேத்து போட்ட கிளிப்புல கோடு விழுந்திருக்கு, என்னத்த பாத்து செட்டிங் பண்ணீங்க?" என்று நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் மனுஷனுக்கு உயிர் வந்தது. "இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா" என்று சிரித்துக்கொண்டே மெஷினை ஓட்டினார்.

இரண்டாவது பாடம், எதிராளி பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பது. இதை வீட்டில் பரிசோதித்தேன். என் வீட்டுக்காரர் சேவியர் ஆவடியில் படைத்துறை ஃபாக்டரியில் டர்னராக இருந்தவர், இயல்பிலேயே பேச்சுக்காரர். நான் குறுக்கிடவில்லை என்று தெரிந்ததும் தன்னை முதன்முதலில் வேலை வாங்கிய சார்ஜ்மேன் காலத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் குக்கர் அடிப்பிடித்துவிட்டது. அந்தப் பாடத்தை அத்தோடு விட்டேன். யோசித்தால், அதை மட்டும் விட்டிருக்கக் கூடாது.

எங்கள் மேனேஜர் வேதாசலம் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ஒரு புத்தகமும் படித்தவரில்லை. "கண்ணாடி பவர் மாறிப்போச்சு ரோசலின்மா, நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல். மெஷின் முன்னால் வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா நிற்பார். கூட்டத்தில் உட்காரவே மாட்டார், சுவரில் சாய்ந்து நிற்பார். பழைய டிராயிங் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். அவரிடம் யார் என்ன சொன்னாலும் ஒரே ஒரு வார்த்தைதான் பதில்: "அப்புறம்?" கோபம் கிடையாது, குரல் உயராது. "டை உடைஞ்சுபோச்சு சார்." "அப்புறம்?" "ஸ்பேர் இல்ல சார்." "அப்புறம்?" "ஸ்பேர் கேட்டு எழுத மறந்துட்டேன் சார்." அங்கேதான் நிறுத்துவார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பலர் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். நான் படித்ததிலேயே என்னை மிகவும் மயக்கியது வேலை செய்யும் இடத்தை ஒழுங்குபடுத்துவது பற்றிய புத்தகம். முறை எளிது. ஒரு மாதமாகப் பயன்படாத பொருள், எதற்கென்று தெரியாத பொருள் எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். சீட்டில் பொருளின் பெயர், இடம், தேதி, கட்டியவர் கையெழுத்து. ஒரு வாரம் தனியாக ஓர் ஓரத்தில் வைக்க வேண்டும். யாரும் தேடி வராவிட்டால் கழிவுக்கு அனுப்பிவிட வேண்டும். பெரிய கஸ்டமர் ஒருவர் தணிக்கைக்கு வருவதாக இருந்தது. அந்த வருஷம் எனக்குத் துணை மேலாளர் பதவி வரும் என்றும் பேச்சு. வேதாசலம் சாரிடம் கேட்டேன், "செய்யுங்க" என்றார். நூறு சிவப்புச் சீட்டு அச்சடித்து வாங்கினேன்.

ஐயோ, அந்த நாட்களில் நான் இருந்த இருப்பு! கையில் சீட்டுக் கட்டு, நூல்கண்டு. கால் உடைந்த ஸ்டூலில் கட்டினேன். ஓடாத கடிகாரத்தில் கட்டினேன். கேன்டீனிலிருந்து வந்து திரும்பிப் போகாத டம்ளர்களில் கட்டினேன். முருகன் படத்துக்கும் மாதா படத்துக்கும் மட்டும் கட்டவில்லை, அவை தினமும் பயன்படும் பொருள். முனிரத்தினம் அண்ணன் தூரத்திலிருந்தே, "மேடம், நான் இன்னிக்கி வேலை செஞ்சுகினுதான் கீறேன், என்மேல கட்டிறாத" என்று கத்துவார்.

கடைசியாக எங்கள் பரிசோதனை மேசைகளுக்கு வந்தேன். ஒவ்வொரு மேசையின் விளிம்பிலும், கீழ்ப்பக்கமாக, ஒரு முழ நீளத்துக்குப் பழைய நைலக்ஸ் புடவைக் கிழிசல் இழுத்துக் கட்டியிருந்தது. நிறம் போய், எண்ணெய்ப் பிசுக்கேறி, அங்கங்கே நூல் பிரிந்து தொங்கியது. கை துடைக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தணிக்கைக்காரர் பார்த்தால் மானம் போகும். ஆறுக்கும் சீட்டு கட்டினேன்.

கஸ்தூரி எழுந்துகொண்டாள். திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனில் வரும் பெண். ஒப்பந்தத் தொழிலாளியாக ஆறாவது வருஷம். அந்த முறை நிரந்தரமாக்க நான்கு பேர் பட்டியல் போயிருந்தது, அதில் இவள் பெயரும் இருந்தது. புருஷன் விட்டுப் போனவள், மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். என்னை அக்கா என்பாள், ஆனால் நீ என்றுதான் பேசுவாள். மரியாதை முழுவதையும் அந்த அக்காவிலேயே கொடுத்து முடித்துவிட்டதாக அவள் எண்ணம்.

"யக்கா, அத்த எடுக்காத. அது தொடைக்கிற துணி இல்ல."

"வெள்ளைத் துணி புதுசா தரேன் கஸ்தூரி. மடிச்சு, லேபிள் ஒட்டி."

"வெள்ளத் துணில ஒன்னும் ஆவாதுக்கா. அது..."

"படிச்சவங்க யோசிச்சு எழுதினதும்மா இது. ஒரு வாரம் பார், உனக்கே பிடிச்சுப்போகும்."

அவள் என்னைப் பார்த்தாள். "சரி, நீ சொல்லிட்ட. எட்த்துகினு போ" என்று உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து ஆறு துண்டும் குப்பைக்குப் போயின. மேசையில் சொந்தத் துணி எதுவும் இருக்கக் கூடாது என்று அறிவிப்பும் ஒட்டினேன். தணிக்கைக்காரர் வந்தார், பளபள மேசையைப் பார்த்தார், போட்டோ எடுத்தார். நான் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த லட்டை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதமே வந்தது புகார். ரப்பர் வளையத்தின்மேல் உட்காரும் வாஷர் ஒன்று போட்டுக்கொண்டிருந்தோம். அதன் விளிம்பில் பிசிறு. தகட்டை வெட்டும்போது மயிரிழைபோல ஓரத்தில் நீட்டி நிற்குமே, அது. கண்ணுக்கு எளிதில் படாது, ரப்பரை அறுத்துவிடும். கஸ்டமரிடத்தில் எண்ணெய் கசிந்து, நாற்பது பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். பெரும்பாலான பெட்டிகளில் இருந்தது, பார்த்தாயிற்று என்று கஸ்தூரி குத்திய முத்திரை.

வேதாசலம் சார் அறையில் கூட்டம். நான், முனிரத்தினம் அண்ணன், எச்.ஆர். தினகர், கதவோரமாகக் கஸ்தூரி. சார் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்திருந்தார். பிசிறு வந்ததற்குக் காரணம் டை மழுங்கியது, அதை அன்றே தீட்டிவிட்டார்கள், முனிரத்தினம் அண்ணன் பாடு முடிந்தது. வந்த பிசிறு எங்களிடம் ஏன் பிடிபடவில்லை என்பதுதான் மிச்சம். அதற்கும் என்னிடம் புத்தகம் இருந்தது! ஒரு தவறு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனால் அடிக் காரணம் கிடைக்கும் என்ற முறை. மார்க்கரை எடுத்துக்கொண்டு ஜோராகப் பலகைமுன் போய் நின்றேன்.

'பிசிறு ஏன் வெளியே போனது? பரிசோதனையில் பிடிபடவில்லை.' 'ஏன் பிடிபடவில்லை? பரிசோதித்தவர் கவனிக்கவில்லை.'

தினகர் ஃபைலை மூடினார். "இதோட முடிஞ்சுதே மேடம். இன்ஸ்பெக்டர் கவனக்குறைவு. லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடறேன், இந்த மாசத்தோட கான்ட்ராக்டையும் நிறுத்திடலாம். கஸ்டமருக்கும் நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும்."

கஸ்தூரி கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம்?" என்றார் வேதாசலம் சார், என்னைப் பார்த்து.

இன்னும் மூன்று ஏன் பாக்கியிருக்கிறதே என்ற பெருமையில் நான் திரும்பினேன். "ஏன் கவனிக்கல கஸ்தூரி?"

"பாத்துகினுதான் இருந்தேன்க்கா. கண்ணுக்குத் தெர்ல. கைல கிளவுஸு, தடவுனாலும் தெர்ல."

கை வியர்வையில் துருப்பிடிக்கிறது என்று கையுறை கட்டாயமாகி இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் பிசிறுப் புகார் ஒன்றுகூட வரவில்லையே! விடாமல் கேட்டேன். "இதே கிளவுஸ் போட்டுத்தானே முன்னாடியும் பார்த்தீங்க? அப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"துணில தெரிஞ்சிது."

"எந்தத் துணி?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "நீ எட்த்துகினு போனியே, அந்தத் துணிதான். இஸ்த்துக் கட்டி அதுமேல பீஸை ஒரு இய்ப்பு இய்த்தா, பிசிறு இர்ந்தா நூலு மாட்டிக்கும். ஆறு பேரும் அப்டித்தான் பாத்தோம்."

நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பலகையில் இன்னும் இடம் இருந்தது. தினகர்தான் உதவிக்கு வந்தார், பாவம், நல்லெண்ணத்தோடுதான். "அனுமதி இல்லாத துணியை வச்சா வேலை பார்த்தாங்க? அப்ப அது இன்னும் பெரிய தப்பு மேடம். அதையே எழுதிடுங்க, ரிப்போர்ட் ஸ்ட்ராங்கா இருக்கும்."

எழுதலாம். எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. அவள் தடுத்தும் கேட்காமல் நான் எடுத்தேன் என்பது அந்த அறையில் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும், அவளோ அதைச் சொல்லப் போவதில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. துணை மேலாளர் நாற்காலி கண்முன் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிஷம் ஆசைப்பட்டேன். அதோடு நிறுத்திவிடலாம் என்று மார்க்கர் மூடியை மாட்டவும் செய்தேன். கேவலமான அரை நிமிஷம் அது.

பிறகு மூடியைத் திறந்து எழுதினேன். 'கையுறையோடு பிசிறைக் கண்டுபிடிக்க உதவிய துணி ஏன் இல்லை? ரோசலின் சிவப்புச் சீட்டு கட்டி எடுத்துவிட்டார்.' 'ஏன் எடுத்தார்? எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சொல்ல வந்தவளையும் சொல்லவிடவில்லை.' யாரால் என்று கேட்காதே, ஏன் என்று மட்டும் கேள் என்று அந்தப் புத்தகம் சொல்லியிருந்தது. என் பெயரைப் போடாமல் அந்த வரியை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

"அப்புறம்?" என்றார் சார்.

"அப்புறம் ஒன்னுமில்ல சார். அவ்வளவுதான். தப்பு என்மேலதான்."

அவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். முனிரத்தினம் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தினகர், அந்த நாலு பேர் லிஸ்ட் அப்படியே போகட்டும்" என்றார் சார். என்னிடம், "மத்தியானத்துக்குள்ள துணி கட்டிடுங்க" என்றார். மறுநாள் எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. சாரே எழுதியது, ஒரு பிழையில்லை. துணை மேலாளர் பதவி வரவில்லை, சூப்பர்வைசராகவே ஓய்வு பெற்றேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. பரிசோதனைக் கருவி என்றால் பதிவேட்டில் ஏற வேண்டும். அதனால் நைலக்ஸ் துணிக்கு எண் கொடுத்தோம், பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டினோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். கொள்முதல் பிரிவு, பழைய நைலக்ஸ் புடவைக்கு மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டது. பூந்தமல்லியில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரியிடம் நானே போனேன். அவரிடம் ஜி.எஸ்.டி. பில் உண்டா என்று கேட்டேன். "இன்னாம்மா, துணி வாங்க வந்தியா, கலாய்க்க வந்தியா?" என்றார். மற்ற இரண்டு விலைப்புள்ளிகளை எப்படி வாங்கினேன் என்பதை எழுதுவதற்கில்லை. அடுத்த முறை தணிக்கைக்கு வந்தவர் அந்தச் சட்டத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

கஸ்தூரிக்கு நிரந்தர உத்தரவு வந்த அன்று மேசைகள் எல்லாம் ஒரே கலகலப்பு. ஆளாளுக்கு அவளுக்குப் பூ வாங்கி வந்திருந்தார்கள். எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? எனக்கு அது வேண்டியிருந்தது. பதவியை விட்டுக்கொடுத்தவள் என்ற நினைப்பு மனதுக்குள் நன்றாகவே உட்கார்ந்திருந்தது.

அவள் துணிமேல் வாஷரை இழுத்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "நீ அன்னிக்கி எய்தலன்னா என் வேலை பூட்டிருக்கும்க்கா. என் பொண்ணு படிப்பும் பூட்டிருக்கும். அது கரெக்ட்டு."

நான் தலையாட்டினேன்.

"ஆனா நான் சொல்ல வந்தப்போ நீ காதுல வாங்கிருந்தா, எய்தவே வேணாமே."

சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

அவள் காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். "அய்வாத. வேன் வர்றதுக்குள்ள இத்த முடிக்கணும், ஒரு கை குடு." தட்டில் பாதியை என் முன்னால் தள்ளினாள். நான் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துணிமேல் இழுத்து, நல்லதென்று பட்டதைப் பெட்டியில் போட்டேன். கஸ்தூரி என் பெட்டியில் கையை விட்டு ஒன்றை எடுத்து, தன் துணியில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். நூல் மாட்டிக்கொண்டது.

"ரிஜெக்ட்டு" என்று சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.